குறிப்பு என்ற கட்டம்

பாம்பன் தெற்குவாடி ஐஸ் கம்பெனியில்
பேரேட்டின் கடைசிப் பத்திக்குக் குறிப்பு என்று பெயர்.
பதினோரு வருடமாக நான்தான் அதை நிரப்புகிறேன்.
மின்தடை. அமோனியா கசிவு. தடைக்காலம்.
சீனி இபுராகிம் படகு, பழைய பாக்கி.

இன்று டிசம்பர் முப்பத்தொன்று.
கூட்டல் எல்லாம் முடிந்தபின்
மொத்தத்துக்கு நேரே அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது.
முதலாளி அதுவரை கண்ணை நகர்த்தமாட்டார்,
அவருக்கு மொத்தம் போதும்.
எனக்கென்று ஒரு சொல் எழுதிக்கொள்ளலாம்.

பதினொரு மணிக்கு ஆராதனை.
பாஸ்டர் தட்டில் வாக்குத்தத்த அட்டைகளை நீட்டுவார்,
கண்ணை மூடி ஒன்றை எடுக்கவேண்டும்.
போன தடவை எனக்கு வந்தது மலைகளைப் பற்றியது.
இங்கிருந்து மலையைப் பார்க்க மதுரைக்குப் போகவேண்டும்.
போனேன்.
ஐந்து தடவை.
ஆஸ்பத்திரி மாடி ஜன்னலில் யானைமலை தெரிந்தது.

வரப்போகும் வருடத்துக்கு அட்டை உண்டு.
முடிந்த வருடத்துக்கு யாரும் தட்டு நீட்டுவதில்லை.

பாடு என்று எழுதிப் பார்த்தேன், பென்சிலால்.
மீன் கிடைத்தாலும் பாடு, கிடைக்காமல் படுவதும் பாடு.
நல்ல சொல்தான். கடலுக்குப் போகிறவர்களின் சொல்.
நான் கரையிலிருந்து ஐஸ் எண்ணுகிறவள்.
அழித்தேன்.

உருகல்?
அதற்கு ஏற்கெனவே தனிப் பத்தி இருக்கிறது,
நூற்றுக்கு நாலு பார் கழிக்கிறோம்.

கூண்டு, சரியாக வரும்போலிருந்தது.
நவம்பரில் துறைமுகத்தில் மூன்றாம் எண் ஏற்றினார்கள்.
நாலு நாள் படகெல்லாம் கட்டிக் கிடந்தது,
நாலு நாள் வானத்தைப் பார்த்தோம்.
புயல் வேறெங்கோ போய்
வேறு யார் கூரையையோ எடுத்தது.
கூண்டை இறக்கிவிட்டார்கள்.
அந்த வேறு யாரோ என்ற இடத்தில்
உச்சிப்புளிக்காரி ஞாபகம் வந்து
கை நின்றுவிட்டது.

மார்ச் மாதம், குளிக்கும்போது விரலில் தட்டியது.
இடது பக்கம், புளியங்கொட்டை அளவு.

என்ன யோசனை என்றார் வீட்டுக்காரர்.
ஒண்ணுமில்ல.
ஏம்மா சாப்பிடல என்றாள் ரூபிலா.
ஒண்ணுமில்ல.
முகமே சரியில்லையே கணக்கக்கா என்றான் நம்புராசன்,
அரவை மெஷினுக்குள் பாரைத் தள்ளிக்கொண்டே.
ஒண்ணுமில்லடா.
மதுரைக்கு எதற்கு லீவு என்று கேட்டவர்களுக்குக் கல்யாணம்.
ஐந்து கல்யாணம்!
எனக்கு ஏது அவ்வளவு சொந்தம்.

ஜூலையில் டாக்டர் ஒரு தாளைப் புரட்டினார்,
கண்ணாடியைக் கழற்றினார்,
ஒண்ணுமில்லம்மா என்றார்.

நாலு மாதமாக நான் ஊரெல்லாம் மாற்றிய கள்ளநோட்டு
அவர் கையில் நல்ல நோட்டாக இருந்தது.

அதே தாளைத்தான் குருவம்மாளுக்கும் புரட்டினார்.
அவளிடம் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.
திரும்பும் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டு.
பரமக்குடி தாண்டித்தான் கேட்டாள்,
உனக்கு என்ன சொன்னார்.
முதல் முறையாக அது உண்மையாக இருந்தபோது
என் வாயில் வரவில்லை.
இன்னொரு டெஸ்ட் இருக்காம் என்றேன்.
என் கையைப் பிடித்து, பயப்படாதே என்றாள்.
உச்சிப்புளியில் இறங்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.
போன் நம்பர் வாங்கியிருக்கலாம்.

பேனாவை எடுத்து எழுதினேன்.
கட்டத்துக்குள் அடங்கவில்லை,
கடைசி இரண்டெழுத்து கோட்டைத் தாண்டி நிற்கிறது.

நம்புராசன் ஈரக்கையோடு எட்டிப் பார்த்தான்.
ஒன்றுமில்லை.
எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தான்:
இத எழுதவா அக்கா இம்புட்டு நேரம்?

வெளியே லோடுக்கு வண்டி வந்து நின்றது.
பக்கத்தைத் திருப்பித் தேதி போட்டேன்.
சீனி இபுராகிம், இருபது பார்.
கடன்.